வாப்பாவின் போட்டு மெதுவாக ஓடுகிறது

பரங்கிப்பேட்டை
பிப்ரவரி 2010

என் கண்ணான மகன் ஹாமிதுக்கு உம்மா சலீமா பீவி எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சி ஷாசியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அந்த துபாய் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் வாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு ஸ்பீக்கரைப் போடு என்பார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. இப்போது கடலுக்குப் போயிருக்கிறார், ஷாசியா சிதம்பரத்துக்குக் காலேஜ் போய்விட்டாள், உலையில் அரிசி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

போன மாதம் வாப்பா உனக்குப் போன் பண்ணி, அங்கே தான் ஸ்பீடு போட்டுகளுக்கு இன்ஜின் வேலை பார்த்துக் கொடுத்த பழைய அரபியிடம் பேசி மறுபடி ஒரு விசாவுக்கு வழி பண்ணச் சொன்னாரே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏன் கேட்டார் என்று உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அவர் வேலை போய் ஊர் வந்த நாளிலிருந்து அந்தப் பச்சைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது. காலையில் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போடுவார், நான் துவைத்துக் கொடுத்தால் மடித்து மறுபடி அதிலேயே வைப்பார், லீவில் வந்த ஆள் மாதிரி. அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தும் அதைத் தொடவில்லை. மறுபடி எப்போது கிளம்பிவிடுவாரோ என்றுதான் பெட்டியைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தோன்றும். மீன் பிடிக்க ஒரு போட்டு வாங்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது நான் ஒரு வார்த்தை தடுக்காததற்கு அதுதான் காரணம், போட்டு வைத்திருக்கிற ஆள் ஊரை விட்டுப் போகமாட்டார் அல்லவா?

கடலூர் துறைமுகத்தில் ராபர்ட் என்கிறவர் பெரிய போட்டு எடுத்துவிட்டதால் பழைய பைபர் போட்டை விற்றார், பின்னால் மாட்டுகிற பழைய அவுட்போர்டு இன்ஜினோடு. “இந்த மாதிரி இன்ஜினுலாம் இப்ப எங்க வருது” என்று அந்த இன்ஜினை இவர் தடவிப் பார்த்ததை நீ பார்த்திருக்க வேண்டும், உன்னை முதன்முதலாகத் தூக்கியபோதுகூட அப்படித் தடவவில்லை. போட்டின் இரண்டு பக்கமும் ராபர்ட் மகள் பெயர் பிரிசில்லா என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கிறது. பொம்பளைப் பிள்ளை பெயரை அழிப்பது மரியாதை இல்லையாம், அப்படியே விட்டுவிட்டார். மீன் வாங்கப் போனால், பிரிசில்லா எப்படி இருக்கிறாள் என்று என்னிடமே விசாரிக்கிறார்கள். இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இந்த வயதில் எனக்குச் சக்களத்தியைக் கொண்டு வந்திருக்கிறார் உன் வாப்பா.

அப்புறம் வீடு வீடாக இல்லை. வாசலில் டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் இன்ஜினை மாட்டி ஓட்டுவார், பக்கத்து வீட்டுத் தைலம்மாளின் கோழிகள் தெருக்கோடிக்கு ஓடிவிடும். என் பிரியாணி தேக்சாவில் பெட்ரோலை ஊற்றி கார்பரேட்டரை ஊறப்போட்டார். பெருநாளைக்கு எதில் ஆக்குவேன் என்று கேட்டால் தேக்சாவை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார். வேகம் கூட வேண்டும் என்று, தண்ணீருக்குள் சுழல்கிற காற்றாடியை மாற்றி வேறு பெரியதாகப் போட்டார். அண்ணன்கோயில் சின்னையன்தான் கூட்டாளி, வலை அவனுடையது, வேலையும் தெரிந்த பிள்ளை. முதல் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு “மாமா, இது போட்டு இல்ல, ராக்கெட்டு” என்றானாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் பிடிக்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. வலை விடும்போது போட்டு ஊர்ந்து போக வேண்டுமாம். இது ஓடினால் பறக்கிறது, குறைத்தால் மூச்சடைத்து நின்றுவிடுகிறது. வலை மொத்தமாகக் குவியலாக விழுந்து காற்றாடியில் சுற்றிக்கொண்டது. கடைசியில் வேறொரு போட்டில் கட்டி இழுத்து வந்தார்கள், கரையில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க. “என்னா பாய், பிரிசில்லாவுக்கு மயக்கமா?” என்று எவனோ கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். அதற்கு மறுநாள்தான் உனக்குப் போன் பண்ணினார். பண்ணிவிட்டுப் பெட்டியை இழுத்துத் தூசி தட்டி ஜிப்பைப் போட்டுப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது ஹாமித்.

என்ன செய்வதென்று தெரியாமல், என்னையும் ஒரு தடவை போட்டில் ஏற்றுங்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷாசியாவும் நானும் ஏறினோம். வெள்ளாற்றில் எடுத்தார் பார் ஒரு வேகம், என் முக்காடு பறந்து வாயெல்லாம் உப்புத் தண்ணி. “கொஞ்சம் நிதானமாத்தான் போங்களேன், எனக்கு என்ன பிளைட்டா புடிக்கணும்?” என்று கத்தினேன். குறைத்தார், நடு ஆற்றில் நின்றுவிட்டது. கோபப்படுவார் என்று பார்த்தால் இன்ஜினை இழுத்துக் கிளப்புகிற கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். “அங்க இருந்த வரைக்கும் ஒருத்தனும் எங்கிட்ட மெதுவா ஓட்ற போட்டு கேட்டதே இல்ல சலீமா. எல்லாருக்கும் ஸ்பீடுதான் வேணும். எனக்கு அந்த வேலைதான் தெரியும்” என்றார். ஷாசியா சிரித்துக்கொண்டே “அப்ப இத கத்துக்குங்க வாப்பா” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய லீவுகள் எல்லாம் எனக்கு அந்த ஸ்பீடில்தான் போயின, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், உப்புத் தண்ணிதானே என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாளே கடலூருக்கு பஸ் ஏறிவிட்டார். கழற்றிப் போட்ட பழைய காற்றாடி வளைந்துவிட்டதால் அதே அளவில் ராபர்ட்டிடம் வேறொன்று கேட்டு வாங்கி வந்தார். கார்பரேட்டரில் இருக்கிற ஒரு ஸ்க்ரூவை மயிரிழை திருப்புவார், ஓட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார், மறுபடி திருப்புவார். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் டம்ளர் நிறைய டீயோடு போட்டில் உட்கார வேண்டும், சிந்தாமல் குடித்து முடித்தால் பாஸ். சேலையெல்லாம் டீக்கறை, ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கல்யாணம் ஆனதிலிருந்து அவரோடு இவ்வளவு டீ நான் குடித்ததில்லை. இப்போது போட்டு நடக்கிற ஆள் மாதிரி போகிறது, நிற்பதும் இல்லை. போன வாரம் வலை வரிசையாக விழுந்து, மடவை மீனும் நண்டும் வந்தது. நண்டை உனக்குப் பிடித்த மாதிரி வறுத்தேன், சாப்பிடும்போது உன் நினைப்பு வந்தது.

நேற்றுப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பெட்டியைக் காணோம். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடினேன். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே ஸ்பேனரும் பழைய பிளக்கும் கிரீஸ் டப்பாவும் மண்ணெண்ணெயில் நனைந்த துணியும். அலமாரியைத் திறந்தேன், சட்டையெல்லாம் நான் ஒதுக்கிக் கொடுத்த தட்டில் கோணல்மாணலாக அடுக்கியிருந்தது. கேட்டதற்கு “டூல்ஸ் வைக்க எடம் இல்ல, அதான்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார்.

அதனால் ராஜா, அந்த அரபியிடம் நீ பேசாதே, பேசியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. வாப்பா வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல மாட்டார், சுபாவம் உனக்குத் தெரியும். நீயும் அவரிடம் கேட்டு வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, ஏசியை ஜாஸ்தி வைத்துக்கொண்டு தூங்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தந்து, உன்னையும் சீக்கிரம் என் கண்ணில் காட்டுவானாக. லீவுக்கு வரும்போது இன்ஜினுக்கு நல்ல பிளக் வாங்கி வா. திரும்பிப் போகிறபோது வாப்பா பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே, அது மண்ணெண்ணெயில் ஊறி நாறுகிறது, இனிமேல் எந்த ஏர்போர்ட்டிலும் அதை உள்ளே விடமாட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

துஆவுடன்
உன் உம்மா
சலீமா பீவி