ஸ்ரீராம்புரம் முதல் ஜோகுபாளையம் வரை, நீ இல்லாமல்

வா நடக்கலாம் என்று வருஷக்கணக்கில் ஆசை காட்டிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் கழன்றுகொண்ட என் அன்பு மச்சானுக்கு,

நடந்துவிட்டேன். நாம் போட்ட திட்டப்படியே, ஆட்டோ ஏறாமல், பஸ் ஏறாமல், மெட்ரோ பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் ஊரை நடந்து பார்த்துவிட்டேன். எப்படி இருந்தது மாப்ளே என்று கேட்பாய். குமட்டிக்கொண்டு வந்தது, மச்சான். ஆம்பூரில் தோல் கம்பெனியிலேயே காலம் தள்ளியவன் நான். நாற்றத்துக்கும் எனக்கும் பழைய சிநேகம். அப்படிப்பட்ட என்னையே மூக்கைப் பொத்த வைத்துவிட்டது உன் பெங்களூர்.

ஞாபகம் இருக்கிறதா, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் இதே பேச்சுதான். நீயும் உன் தங்கை, என் வீட்டுக்காரி சரஸுவும் பிறந்தது ஸ்ரீராம்புரத்துச் சந்தில். வேலை கிடைத்த பிறகு நீ குடிபோனது ஜோகுபாளையத்துக்கு. "பொறந்த வூட்ல இருந்து சாகப்போற வூடு வரைக்கும் ஒரே நடை மாப்ளே. நான் நடக்கிறேன், நீ கூடவே வந்து எழுது" என்பாய். உனக்குக் கால், எனக்குக் கை என்று வேலையைப் பிரித்தாயிற்று. நான் ரிட்டயர் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டோம், பிறகு வெயில் தணியட்டும் என்று, பிறகு மழை விடட்டும் என்று.

பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைப் பற்றி அளக்கிற அப்பா மாதிரி நீ இந்த ஊரைப் பற்றி அளப்பாய். மெஜஸ்டிக்கில் காபி, வெயில் ஏறும் நேரத்தில் கப்பன் பார்க், சாயங்காலக் காற்றுக்கு அல்சூர் ஏரிக்கரை. எந்த இடத்தில் எந்த மரத்தடியில் உட்கார வேண்டும் என்பது வரை உன் கட்டளை. போனில் மேப் பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு என்னைத் திட்டினாய். "அந்த நீலக் கோடெல்லாம் பைக்ல போறவனுக்கு. நடக்கறவனுக்கு நான் இருக்கேன்."

எங்கே இருந்தாய்? தயிர் வாங்க ஒரு சாயங்காலம் வீட்டைவிட்டு இறங்கினாய். உன் சந்து முனையில், நடைபாதையில், சாக்கடையை மூடியிருந்த ஸ்லாப் ஒன்று உடைந்து உள்ளே போயிருந்தது. அதில் விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன், புண்ணில் சீழ் பிடித்து, துணி சுற்றித்தான் திரும்பி வந்தாய். ஊரை அளக்கத் திட்டம் போட்டவன் தெரு முனையைத் தாண்டவில்லை.

உன் காரியத்தன்று சரஸு அந்தக் குழி ஓரத்தில் நின்று ஒன்று சொன்னாள். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவள் என்று நாம் கேலி செய்வோமே, அவள்தான். "இந்தக் குழிய மூடினாத்தான் இனிமே இந்தச் சந்துல நான் கால் வைப்பேன்" என்றாள். கோபத்தில் சொல்கிறாள், ஒரு வாரத்தில் மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். உன் முதல் வருஷத் திதி நெருங்கிவிட்டது, மச்சான், குழி அப்படியே இருந்தது.

உன் மகள் கவிதா சும்மா இருக்கவில்லை. அவள் ஏறாத படி இல்லை. போனில் புகார் கொடுத்தாள். வேறு ஏதோ தெருவில் இருக்கும் புத்தம்புது ஸ்லாபின் படத்தைப் போட்டு 'வேலை முடிந்தது' என்று பதில் அனுப்பினார்கள். மறுபடி கொடுத்தாள், அதே படம் மறுபடி வந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு அழுதாள். "மாமா, அத்தை வராம அப்பாவுக்குப் படைக்க எனக்கு மனசே வரல. அப்பாவுக்குன்னு இருக்கிற ஒரே கூடப்பொறந்தவங்க." உன் திதிக்கு முதல் நாளே வருகிறேன், நடந்தே வருகிறேன், அந்தக் குழியை என் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லி ரயில் ஏறினேன்.

நீ சொன்னபடி எழுதிக்கொண்டேதான் நடந்தேன். நீ ஆசைப்பட்ட நடைக்குறிப்பு இதுதான், படித்துக்கொள். ஸ்ரீராம்புரம்: நீ பிறந்த வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது, வாசலில் பைக்குகள், நின்று பார்க்க இடமில்லை. ஓகலிபுரம் பாலத்தடி: மூத்திர நாற்றம். அதைத் தடுக்கச் சுவரில் எல்லா மதத்துச் சாமிகளின் படம் போட்ட டைல்ஸையும் பதித்திருக்கிறார்கள், சாமிகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளியைக் குறிபார்த்துப் போகிறார்கள். மெஜஸ்டிக்: நடைபாதையில் நடக்க முடியாது, அங்கே எச்சில் துப்ப மட்டும்தான் இடம் இருக்கிறது. இதைத்தான் அழகு அழகு என்று சொன்னாயா?

மெஜஸ்டிக் பக்கம் நீ சொன்ன அந்த தர்ஷினியில், நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலில், காபி கேட்டேன். உன்னோடு வந்தே பழகிய வாய், "ஒரு பைடூ" என்று கேட்டுவிட்டது. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்து வைத்துவிட்டு, கூட வந்தவர் எங்கே என்று அந்த ஆள் என் பின்னால் பார்த்தான். வருவார் என்றேன். முதலாவதைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டாவதில் ஆடை கட்டி, அதன் மேல் ஒரு ஈயும் உட்கார்ந்துவிட்டது. ஈயை ஓட்டிவிட்டு அதையும் குடித்தேன்.

அதற்கப்புறம் ஒரு பைக் ஆசாமி. நடைபாதையின் மேலேயே ஏற்றி, என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறான். "அங்கிள், ஸ்வல்ப சைடு" என்கிறான். "இது நடக்கிற இடம் தம்பி" என்றேன். "கீழ டிராஃபிக் பாத்தீங்களா அங்கிள்? எனக்கு மீட்டிங் இருக்கு" என்று என்னையே குற்றவாளி மாதிரி பார்க்கிறான். நல்ல தமிழ்ப் பையன், சேலமோ தர்மபுரியோ. நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். சுவரில் இருந்த வெற்றிலைச் சாறு முழுவதும் என் சட்டையில்.

கப்பன் பார்க்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நீ சொன்ன மூங்கில் கூட்டம் அங்கேயே இருக்கிறது. உட்கார்ந்தேன், கண் கொஞ்சம் அசந்தது. அல்சூர் ஏரிக்கரைக் காற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். செத்த மீன்கள் ஒதுங்கிக் கிடந்த கரையில் இரண்டு பேர் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் தாண்டி உன் சந்து முனைக்கு வந்தேன். குழியைக் காணவில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, மூடிவிட்டார்கள், சரஸு வருவாள் என்று. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். கீழே கிடந்தது நீ.

உன் கண்ணீர் அஞ்சலி பேனர், மச்சான். நீ போனபோது கம்பத்தில் கட்டினோமே, அதுதான். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிற ஒருவர், தெருவே 'லீடர்' என்று கூப்பிடுகிறவர், தன் செலவில் அடித்துக் கொடுத்தது. அவர் படம் உன் படத்தைவிடப் பெரிதாக இருந்ததால், செத்தது யார் என்று வழிப்போக்கர்கள் விசாரித்தார்கள். அந்த ஃப்ளெக்ஸை இறக்கி, நாலு பக்கமும் செங்கல் வைத்துக் குழியை மூடியிருக்கிறார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து குழிமேல் தொங்கிக்கொண்டிருந்தது. உன் முகம் அடுத்திருந்த உடையாத கல்லின் மேல் கிடந்தது. நெற்றியில் செருப்புத் தடம், கன்னத்தில் டயர் கோடு, மோவாயில் யாரோ துப்பிய பான்பராக்.

முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் லட்சுமியம்மா, உன்னிடம் எத்தனையோ உதவி வாங்கியவள், என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். "யார் செஞ்ச வேலை இது?" என்றேன்.

"நாங்கதாண்ணா. மோரி நாத்தம் தாங்கல, கடையில ஒருத்தரும் நின்னு துன்ன மாட்டேன்றாங்க. அதான் போட்டு மூடினோம்." மோரி என்றுதான் இங்கே சாக்கடையைச் சொல்கிறார்கள்.

"அவர் முகத்தையா போடுவீங்க?"

"கவுத்துப் போடலாம்னுதாண்ணா சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். எவ்ளோ பெரிய மனுஷன், அவர் மூஞ்சியப் போயி மோரியில கவுக்கறதா? மரியாதையா மேல பாத்தாப்ல இருக்கட்டும்னேன்."

கிண்டல் இல்லை, மச்சான். உண்மையாகவே மரியாதை என்று நினைத்துத்தான் செய்திருக்கிறாள். பேனரில் லீடர் படம் இருந்த பாதியைக் காணோம், எங்கே என்று கேட்டேன். "ஐயையோ, அத அவர் ஆளுங்க அப்பவே கத்திரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாராச்சும் தெரியாம மிதிச்சுட்டா வம்பாயிடுமில்ல" என்றாள். உன்னை மிதித்தால் கேட்க ஆளில்லை. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

செங்கல்லைத் தள்ளிவிட்டு ஃப்ளெக்ஸை உருவினேன். உன் வீட்டுக் குழாயில் உன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் காயப்போட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து குழிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தேன். திறந்த குழியிலிருந்து நாற்றம் கிளம்பிச் சந்து பூராவும் பரவியது.

"ஏண்ணா தொறந்து வெச்சீங்க?" என்று ஆளாளுக்கு வந்தார்கள். "நாறட்டும்" என்றேன். "கஸ்டமர் வர்ற நேரம்ணா" என்றாள் லட்சுமியம்மா. "நல்லா நாறட்டும்மா" என்றேன். கவிதா இன்னொரு நாற்காலியோடு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் பாதி வழியை அடைத்துக்கொண்டதால் பைக்குகள் நின்றன, ஹாரன் அலறியது, யாரோ போனில் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்கள். நாற்றத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியோடு நாலு பேர் அவரவர் வாசலில் நின்று எங்களைத் திட்டினார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் லீடர் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மூக்கில் கர்ச்சீப். "என்ன சார், நம்ம ஏரியா மானத்தையே வாங்குறீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்திருப்பேனே."

"ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கேண்ணா. உங்க வீட்டு கேட்டுல நின்னு சொன்னேன்" என்றாள் கவிதா. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டியில் ஸ்லாப் வந்து இறங்கியது. இவ்வளவுதானா மச்சான்? இந்த ஒரு கல்லுக்காகவா நீ போனாய்?

கல்லைப் போட்டு முடித்ததும் அவர் ஆட்கள் அதன் மேல் வெள்ளைப் பெயின்டில், கன்னடத்தில், அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். நான் சரஸுவுக்குப் போன் செய்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், பேனர் உட்பட. முழுவதும் கேட்டுவிட்டு, "காலைல வர்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவளுக்காக முனையில் காத்து நின்றபோது இன்னொரு கூத்தைப் பார்த்தேன். ஒருத்தரும் அந்தக் கல்லின் மேல் நடக்கவில்லை. பெயர் இருக்கிறதே! கல் வரை வருகிறார்கள், நடைபாதையை விட்டு இறங்கி ரோட்டில் போகிறார்கள், தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போகிறது, மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். குழி இருந்தபோதும் இதே சுற்றுதான், கல் வந்த பிறகும் இதே சுற்றுதான். உன் முகத்தில் டயர் ஏற்றிப் போன பைக்குகள்கூட இந்தப் பெயருக்கு வளைந்து போயின. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்புவதற்கும் இந்த ஊரில் சுத்தமான இடம் இல்லை.

ஆட்டோ வந்து நின்றது. சந்துக்குள் வர மாட்டேன் என்றான் டிரைவர். சரஸு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், என் கையைப் பற்றிக்கொண்டு நடந்தாள். லட்சுமியம்மா கடையிலிருந்தே குரல் கொடுத்தாள். "யக்கா, சைடுல எறங்கி வாங்க. அதுல பேரு எழுதியிருக்கு."

சரஸு நின்றாள். ஸ்ரீராம்புரத்துப் பள்ளியில் கன்னடம் படித்தவள்தானே, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு செருப்புக் காலோடு ஏறி, அந்தப் பெயருக்கு நட்டநடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"இந்தக் கல்லு போட்ட எடத்துலதாங்களே எங்கண்ணன் விழுந்தது?"

"இங்கதான்."

அவள் லட்சுமியம்மாவைப் பார்த்தாள், டீ குடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள். "எங்கண்ணன் மூஞ்சிய மிதிச்சீங்க இல்ல? இத மிதிக்கிறதுக்கு என்ன?" என்றாள். குரல் உயரவில்லை. லட்சுமியம்மா தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சரஸு அழுது முடிக்கும் வரை அந்தக் கல்லின் மேலேயே நின்றாள். அதற்கப்புறம்தான் உனக்குப் படைத்தோம்.

உன் ஊர் எனக்குப் பிடிக்கவில்லை, மச்சான், இனிமேலும் பிடிக்காது. ஆனாலும் வருவேன். ஒவ்வொரு வருஷமும் உன் திதிக்கு முதல் நாள் ஸ்ரீராம்புரத்தில் தொடங்கி நடந்தே வருவேன். சந்து முனைக்கு வந்ததும், வழியெல்லாம் மிதித்த அத்தனை அசிங்கத்தையும் அந்தப் பெயரின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குள் நுழைவேன். பெயர் அழிகிற வரைக்கும். மறுபடி எழுதினால் மறுபடியும்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்டு, கூடவே உன் ஊரையும் சுமக்கிற,
உன் மாப்பிள்ளை