ஒரு எலிகூட இல்லாத வீடு

நவம்பர் 9

ரொட்டி டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் கடித்த தடம். மேலே இரண்டு, கீழே இரண்டு, அச்சில் வார்த்த மாதிரி. முதலில் பல்வரிசையைத்தான் பார்த்தேன். அதன் பிறகுதான் எலி என்று உறைத்தது. பல் டாக்டரான என்னைக் கட்டிக்கொண்ட வீட்டுக்கு வரும் எலிகூட நல்ல பல்லோடுதான் வருகிறது.

இவரிடம் சொன்னேன். “வெளியில குளிருது, அதான் உள்ள வருது. பாவம்,” என்றார். பாவமாம். நாள் முழுக்கப் பேக்கரியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்றுவிட்டு, கோட்டுப் பை நிறைய ரொட்டித் தூளோடு வீட்டுக்கு வருகிற மனிதர். எலிக்குச் சாப்பாடு போடுவது யார் என்று எனக்குத் தெரியாதா?

நவம்பர் 13

நாத்தனார் போன் செய்தார். விடுமுறைக்கு நண்டு இங்கே வருகிறாள்.

நண்டு என்று செல்லமாகக் கூப்பிடுவது இவருடைய மகளை. பன்னிரண்டு வயது. பெற்றவள் இறந்த பிறகு அத்தை வீட்டிலேயே வளர்ந்துவிட்டாள். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவள் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். “வணக்கம் டாக்டர்.” “போயிட்டு வரேன் டாக்டர்.” இப்போது வந்து இருந்து பார்க்கப் போகிறாளாம். பிடித்தால் இங்கேயே பள்ளிக்கூடம். இல்லையென்றால் மறுபடி அத்தை வீடு.

அதற்கும் ஒரு நிபந்தனை. நாத்தனார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வீட்ல எலி இருக்கக் கூடாதாம். ஒண்ணு கண்ணுல பட்டாலும் மறுநாளே கிளம்பிடுவாளாம். சின்னதுல ஒண்ணு கால் மேல ஏறி ஓடிச்சு, அதுலேருந்து அப்படி ஒரு பயம்.”

“எங்க வீட்ல எலியே இல்ல அண்ணி,” என்றேன். நாக்கூசாமல் சொன்னேன். சொல்லும்போதே சமையலறையில் ஏதோ உருண்டது.

விஷயம் கேட்டதும் இவர் எழுந்தார். பின்னறைக்குப் போய்க் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம். மறுபடி ஜன்னல் பக்கம். எனக்கும் அவள் வந்து இருக்க வேண்டும். இவருக்காக என்று பெருந்தன்மையாக எழுதலாம். பொய். எனக்கே வேண்டும்.

நவம்பர் 16

பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும் என்று படித்தேன். ஒரு பென்சிலையும் டார்ச்சையும், கிளினிக்கிலிருந்து வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன். இவர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார்.

“சுவரை ஆ காட்டச் சொல்லு டாக்டரம்மா.”

காட்டியது. கழுவுதொட்டிக் குழாய் போகிற இடம், அடுப்புக்குப் பின்னால், வாசல் கதவின் கீழ் மூலை, பின்னறை ஜன்னல் ஓரம் — வீடா, சல்லடையா? இத்தனை நாள் இதற்குள்தான் குடித்தனம் நடத்தினோமா?

நவம்பர் 22

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை ஓட்டைக்குள் திணித்து, மேலே சிமெண்ட் பூச வேண்டும். நாரை எலியால் கடிக்க முடியாது. கடையில் இருந்ததையெல்லாம் வாங்கினேன். கடைக்காரர் மெதுவாகக் கேட்டார், “மேடம் ஏதாவது ஹோட்டல் ஆரம்பிக்கிறீங்களா?”

சிமெண்ட் பூசுவதில் இவ்வளவு சுகமா? நெளியவில்லை, “வலிக்குது” என்று கையைப் பிடிக்கவில்லை, துப்பவில்லை. சுவரைப் போல ஒரு நோயாளி எனக்கு அமைந்ததே இல்லை.

நவம்பர் 29

முடிந்தது. கதவின் அடியில் ரப்பர் பட்டையும் அடித்தாயிற்று. இனிமேல் எறும்புகூட மனு போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இடுப்பு போயே போய்விட்டது. ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன்.

டிசம்பர் 2

கரண்டி டிராயரில் எலிப் புழுக்கை. புதுசு.

டிசம்பர் 3

இன்று ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கடைவாய்ப் பல் அடைத்தேன். “சொத்தையைக் கிளறாம அப்படியே மேல அடைச்சு விட்டுடுங்க டாக்டர்,” என்று கெஞ்சினார். தினமும் யாராவது கெஞ்சுவதுதான். நானும் தினமும் சொல்வதையே சொன்னேன்: “உள்ள இருக்கறதை எடுக்காம அடைச்சா அது உள்ளயே இருந்து தின்னும்.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“என்னாச்சு டாக்டர்?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்.”

வெளியே இருக்கும் எலி உள்ளே வர வழியில்லை, சரி. உள்ளே இருக்கும் எலி எந்த வழியாகப் போகும்? அதை உள்ளே வைத்து, குளிருக்கு இதமாகப் பூசிக் கொடுத்திருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவி செய்தால் வகுப்பைவிட்டு அனுப்புவார்கள். இவரிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்து எலிக்கூண்டு வாங்கப் போனார்.

டிசம்பர் 7

கூண்டில் வைத்த ரொட்டியைக் காணோம். கூண்டும் மூடவில்லை. எலிக்குப் பல் மட்டுமில்லை, மூளையும் நன்றாக இருக்கிறது. நாளைக்கு நண்டு வருகிறாள்.

டிசம்பர் 8

வந்துவிட்டாள். கல்யாணத்தில் பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி. மேலே ஒரு கோரைப்பல் வரிசையை விட்டுக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. வந்ததும் வராததுமாக வாயைப் பற்றிப் பேசக் கூடாது என்று இவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் பேசவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள், “எலி?”

“இல்ல,” என்றோம், நானும் இவரும் ஒரே நேரத்தில். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டோம்.

டிசம்பர் 9

அவள் எழுவதற்கு முன் எழுந்து அடுப்புக்குப் பின்னால் பெருக்கினேன். டிராயரைத் துடைத்தேன். எல்லாக் கரண்டியையும் வெந்நீரில் போட்டேன். அவள் வந்தபோது சாதுவாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கொலைகாரி மாதிரி இருந்தது.

டிசம்பர் 11

இன்று பெருக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நேற்றும் இல்லை. போய்விட்டதா? சிமெண்ட்டைக் கரைத்துக்கொண்டா போகும்? எப்படியோ, போன மகராசன் போகட்டும்.

டிசம்பர் 13

இன்றும் சுத்தம். வீடே கலகலவென்று இருக்கிறது. அப்பாவும் பெண்ணும் மேஜையில் மாவு பிசைந்தார்கள். அவள் செய்த பன் ஒன்று செருப்பு மாதிரி வந்தது. இவர் அதை முழுசாகத் தின்றுவிட்டு, “கடையில வைக்கலாம்,” என்றார். “செருப்புக் கடையிலயா?” என்றேன். என் வாய் சும்மா இருக்காது. ஐயோ என்று நினைப்பதற்குள் நண்டு சிரித்துவிட்டாள், அந்தக் கோரைப்பல் தெரியத் தெரிய. அதை நேராக்கவே வேண்டாம் போலிருக்கிறது.

விடுமுறை ஓடுகிறது. இருப்பாளா, போவாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

டிசம்பர் 14

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் பழக்கத்தில் துடைப்பமும் கையுமாகச் சமையலறைக்குப் போனேன். அங்கே விளக்கு எரிந்தது. நண்டு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவுடைய ரப்பர் பூட்ஸ் முழங்காலைத் தாண்டி ஏறியிருந்தது. ஒரு கையில் இன்னொரு துடைப்பம், மறு கையில் ஒரு பழைய அட்டை. அட்டையில் எலிப் புழுக்கை. உதட்டைக் கடித்து, தலையைத் திருப்பிக்கொண்டு, கண்ணை ஒருமாதிரி இடுக்கிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நான் துடைப்பத்தை மறைத்தேன்.

“பாத்துட்டியா?” என்றேன்.

“வந்த அன்னிக்கே பாத்துட்டேன். டிராயர் பின்னால போச்சு.”

“பயமா இல்லையா?”

“ரொம்ப பயம்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நான் போகணும்ல,” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

ஐயோ, இந்தப் பொண்ணு. நடுங்கிக்கிட்டு, அப்பா பூட்ஸை மாட்டிக்கிட்டு, தினமும் எனக்கு முன்னால எழுந்து — இங்க இருக்கறதுக்கு அவ்வளவு ஆசையா? எனக்குத் தெரியவே இல்லையே. நான் பாட்டுக்கு ஓட்டையை அடைச்சுக்கிட்டிருந்தேனே.

அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான், ஆனால் அவளுக்கு அது எப்படித் தெரியும்? துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து என் தோளைத் தட்டினாள். “எலிதானே டாக்டர். விடுங்க,” என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

டிசம்பர் 15

பிடித்துவிட்டோம். யோசனை அவளுடையது. “அது கூண்டுக்கெல்லாம் போகாது டாக்டர். அப்பா கோட்டுக்குத்தான் போகுது, பாத்திருக்கேன்.” கோட்டை ஆணியிலிருந்து எடுத்துச் சமையலறைத் தரையில் போட்டோம். நாங்கள் இருவரும் நாற்காலி மேல். அவள் பூட்ஸோடு. வந்தது. சொந்த வீடு போலப் பைக்குள் புகுந்தது. நண்டு “அம்மாடி” என்று முனகிக்கொண்டே குதித்து, இவருடைய பெரிய மாவுப் பாத்திரத்தைக் கோட்டின் மேல் கவிழ்த்தாள். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இவர் வந்து பார்த்தார். “என் கோட்டு,” என்றார்.

அடியில் அட்டையைச் செருகி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கிடங்குக்குக் கொண்டுபோய் விட்டோம். அது பையிலிருந்து இறங்கி மீசையைத் துடைத்துவிட்டு ஓடியது. ஓடும்வரை நண்டு என் கையை விடவில்லை. நகக்குறி இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 19

நான்கு நாளாக வீட்டில் எலி வாசனைகூடக் கிடையாது. தேடிப் பார்த்தாயிற்று, கண்ணாடி வைத்துக்கூட.

டிசம்பர் 20

சாப்பிடும்போது நாத்தனார் போன். நண்டு ஒலிபெருக்கியில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

“என்னடி, விடுமுறை முடியப் போகுதே. அங்க எலி கிலி இருக்கா? இருந்தா சொல்லு, அத்தை வந்து கூட்டிட்டுப் போறேன்.”

நண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

“இருக்கு அத்தை. நிறைய இருக்கு. டாக்டர் ஒருத்தரால முடியாது, நானும் கூட இருந்து பிடிக்கணும்.”

“எந்த எ—” என்று இவர் ஆரம்பித்தார். மேஜைக்கடியில் காலை மிதித்தேன்.

“பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“முடியாது போல இருக்கு அத்தை. நாளாகும்.”

நாத்தனாருக்கு விஷயம் புரியாமல் போகாது. ஏழு வருஷம் வளர்த்தவர். “அப்ப உன் ஸ்வெட்டரெல்லாம் அனுப்பி வைக்கவா?” என்றார்.

“சைக்கிளையும் அனுப்பு அத்தை,” என்றாள் நண்டு.