மூடுமா என்று கேட்கவில்லை

அன்புள்ள அண்ணா,

ஆமாம், கூரை திறக்கிற கார்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாங்கியும் ஆகிவிட்டது.

உன் மூன்று வரிப் பதிலைப் பலமுறை படித்தேன். "உனக்கென்ன பைத்தியமா? பாதுகாப்பா நாலு கதவு வச்ச காரா வாங்கு. ஊரே சிரிக்கும்." நாலு கதவு. அதை எழுதும்போது உன் கை எங்கேயும் நிற்கவில்லையா?

போனில் என்றால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் கடிதம். கோபத்தை ஒதுக்கிவிட்டு எழுதப் பார்க்கிறேன். முடிந்தவரை.

அம்மாவின் இடது கண். மாதம் ஓர் ஊசி. முதல் இரண்டும் தவறிவிட்டன. மூன்றாவதும் தவறினால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புத் தாள்களை அவள் இப்போது மூக்கோடு ஒட்டிவைத்துத் திருத்துகிறாள். கமாவும் முற்றுப்புள்ளியும் ஒன்றுபோலத் தெரிகின்றனவாம்.

கண் ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். டாக்ஸியில் ஏறினாள். கண்ணாடிகளை எல்லாம் இறக்கித்தான் வைத்திருந்தோம். டிரைவர் கதவைச் சாத்தியதும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கூரையை உள்ளிருந்து தட்டினாள். தெருமுனைகூடத் தாண்டவில்லை. பஸ்ஸில் கதவு தானாக மூடியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீடு வந்தாள். ஸ்கூட்டருக்கு இடுப்பு விடாது. பக்கத்துத் தெரு மனநல ஆலோசகர் அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார். கண் டாக்டர் அவசரம் என்கிறார். நடுவில் நான்.

"தலைக்கு மேல எதுவும் இல்லாம இருந்தா வரேன்" என்று அம்மாதான் சொன்னாள். அலுத்துப்போய்ச் சொன்னது. நான் பிடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் அலைந்தேன். சின்னதாக, பழையதாக, என் சம்பளத்துக்கு எட்டுவதாக, நம் சந்துக்குள் திரும்புவதாக ஒன்று. முதல் புரோக்கர் "ஷூட்டிங்குக்கா மேடம்?" என்றார். அம்மாவுக்கு என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாமவர் "மழை ஒழுகுதுன்னு வெல்டிங் வச்சு அடைச்சாச்சும்மா, இனிமே சொட்டு எறங்காது" என்று கூரையைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார். மூன்றாவது காரில் பின் சீட் இல்லை. வேண்டாம் என்றேன். இரண்டு பேருக்குப் பின் சீட் எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை. நான்காவதற்குக் காகிதங்கள் இல்லை. ஐந்தாவதை நன்றாகக் கழுவி வைத்திருந்தார்கள், கிளட்ச் போய்விட்டது என்பது ஓட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆறாவது ஒரு பல் டாக்டருடையது. பன்னிரண்டு வருடப் பழசு, வெயிலில் வெளுத்த கடுகு நிறம். அவர் வீடு நாலு தெரு தள்ளி என்பதால் அம்மாவும் நடந்து வந்தாள். நாங்கள் போனபோது கூரை திறந்தே இருந்தது. மெக்கானிக் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார். நான் பிரேக், டயர் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு, தானாக. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "போலாமா?" என்றாள். அன்றே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூடுமா என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. என்ஜினை மட்டும் பார்க்கச் சொல்லியிருந்ததால் மெக்கானிக்கும் கேட்கவில்லை. இப்படி ஒரு காரை வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மூடாது. கூரையை நகர்த்தும் மோட்டார் போய்விட்டது. பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "தொறக்குமான்னுதானே கேட்டீங்க? தொறந்துதானே இருக்கு" என்றார். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சு வைக்கிற சாந்தம். கையால் இழுத்தால் சட்டம் உடைந்துவிடும், இந்த மாடல் வருவது நின்றே எட்டு வருடம், மோட்டார் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்கிறார் மெக்கானிக். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். உள்ளே ஒரு பூனை குடியேறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தினமும் "கூடாரத்துக்கு வாடகை எவ்வளவு?" என்கிறார். ஒருநாள் ஏதாவது சொல்லிவிடுவேன்.

நேற்று மூன்றாவது ஊசி. காலையிலிருந்தே மழை.

வேறு தேதி கேட்கலாம் என்று போனை எடுத்தேன். திரும்பினால் அம்மா மழைக்கோட்டுடன் வாசலில். "நனைஞ்சா காயும். கெளம்பு" என்றாள். முதல் திருப்பத்திலேயே குடை மடங்கிப் பின்னால் பறந்தது. சிக்னலில் பைக்காரர் ஒருவர் "அக்கா, கூரைய வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார். "தைக்கக் குடுத்திருக்கோம் தம்பி" என்றாள் அம்மா. நீ சொன்னது சரிதான், ஊர் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் வரவில்லை. கிளட்ச்சை மிதித்தபடி சிக்னல் எப்போது மாறும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுரங்கப்பாதையைத் தவிர்க்க மேம்பாலத்தில் ஏறினேன். மேலிருந்து அதன் வாய் தெரிந்தது. தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

பதினான்கு மாதத்துக்கு முன் அங்கே நடந்ததை நான் போலீஸ் அறிக்கையில்தான் படித்தேன். காருக்குள் தண்ணீர் ஏறியது. நாலு கதவும் திறக்கவில்லை. நீ உன் பக்க ஜன்னல் வழியாக வெளியே வந்தாய். பின் சீட்டில் இருந்த அம்மாவைக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுக்கப் பதினோரு நிமிடம். மூன்றாவது மாதம் உனக்கு வெளிநாட்டில் வேலை. நீ எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நேற்று மேம்பாலத்தில், நான் கேட்காமலே, அம்மா சொன்னாள். "அவன் ஆள் கூப்பிடத்தான் போனான்." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த மழையில் அதைத் துடைத்து என்ன பயன்?

அதை நான் நம்புகிறேனா என்று கேட்காதே. அவள் நம்புகிறாள். அல்லது அப்படித் திருத்தி வைத்திருக்கிறாள்.

ஊசி போட்டாகிவிட்டது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தரையை ஈரமாக்கியதற்கு நர்ஸிடம் இருவரும் திட்டு வாங்கினோம். அடுத்தது நாலு வாரத்தில்.

அந்த மோட்டார் நீ இருக்கிற ஊரில் பழைய சாமான் கடையிலேயே கிடைக்குமாம். மெக்கானிக் அதன் பார்ட் நம்பரை எழுதிக் கொடுத்த தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டு கிலோகூட இருக்காது. தபாலில் அனுப்பாதே. உடைந்துவிடும், தொலைந்துவிடும், சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். காரணம் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள். கையில் கொண்டு வா. நீ ஓட்ட வேண்டாம், நான் ஓட்டுகிறேன். நீ பின்னால் உட்கார்ந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு. அம்மாவும் அதைத்தான் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
தங்கை

பி.கு: பேனாவை மூடிவிட்டுக் கீழே போய்ப் பூனையை இறக்கிவிட்டேன். காருக்குள் தேங்கியிருந்த தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றினேன். பின் சீட்டையும் துடைத்து வைத்தேன்.