வெள்ளிக்கிழமைக் குளிசை

ஒருநாளும் என்னைக் கோபித்தறியாத மச்சான் பாலனுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. இங்கே டண்டினொங்கில் எல்லோரும் சுகம். உன் மனைவி ராணி இப்போது தனியாகக் கார் ஓடுகிறா. பக்கத்தில் இருந்து கத்த நீ இல்லாததால்தான் இவ்வளவு கெதியாகப் பழகினதாகச் சொல்லிச் சிரித்தா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா. நீ பார்த்திருக்க வேண்டும்.

நாம் சந்தித்த நாள் நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் இரத்த நோய்ப் பகுதி. பக்கத்துப் பக்கத்துக் கதிரை. எனக்கும் லுகேமியா, உனக்கும் லுகேமியா. அதிலும் ஒரே வகை, ஒரே குளிசை. நீ என்ன வருத்தம், எந்த நோய் என்று கேட்கவில்லை. "அண்ணை ஊரில எவடம்?" என்றுதான் கேட்டாய். ஒரு மாதத்தில் அண்ணை போய் மச்சான் வந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டோடு குளிசை, ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் நம் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார். அதனால் ஏழு மணிக்கு நான் உனக்குப் போன் எடுப்பதென்று பேசிக்கொண்டோம். "போட்டாச்சோ?" "போட்டாச்சு மச்சான். நீ?" "நானும் போட்டாச்சு." அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஊர்வம்பு.

பிறகு உன் இரத்தப் பரிசோதனை நல்லாக வந்தது. நீ நேரே முருகன் கோயிலுக்குப் போய், வெள்ளிக்கிழமைதோறும் பொழுதுபடும்வரை விரதம் என்று நேர்ந்துவிட்டு வந்தாய். வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது. அதனால் வெள்ளியில் குளிசை இல்லை. பிறகு கந்தசஷ்டி வந்தபோது ஆறு நாளும் இல்லை. குளிசை வேலை செய்ததற்கு நன்றி சொல்லக் குளிசையை விட்ட மனிதன் உலகத்திலேயே நீ ஒருவன்தானடா!

முதல் வெள்ளிக்கிழமை போனில் நீ இதைச் சொன்னபோது நான் கோபத்தில் துள்ளிக் குதித்தேன். "உனக்கென்ன விசரோ? முருகன் என்ன, ஆஸ்பத்திரியில டாக்குத்தராவோ இருக்கிறார்?" நீ சிரித்துவிட்டு ஊர்வம்புக்குப் போய்விட்டாய். அடுத்த வெள்ளிக்கிழமை, "போட்டாச்சு மச்சான்" என்றாய். என் ஏச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்கு எவ்வளவு பெருமை!

வருத்தம் திரும்பி வந்து நீ வார்டில் படுத்திருந்தபோதுதான் ராணி அலுமாரியில் இருந்த உன் குளிசைப் பெட்டிகளைக் கொண்டுவந்தா. இருக்க வேண்டியதைவிட எத்தனையோ மிச்சம். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "உனக்குச் சொன்னா ஏசுவாய் எண்டுதான்ரா சொல்லேல்லை." அது மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம் என்றார். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

இப்போது எனக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. வளர்மதி என்று ஒரு தங்கச்சி. ஊர் கும்பகோணம். பக்கத்தில் மல்கிரேவில் ஒரு கம்பெனியில் வேலை. நம்முடைய அதே வருத்தம், அதே குளிசை. தமிழில் கதைக்க ஒருவர் இருந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைக் கேட்டா. வளர்மதியின் ஊர்ப் பக்கம் குளிசையை மாத்திரை என்பார்கள். ஆனால் விழுங்குவதில் உள்ள கஷ்டம் ஒன்றுதான்.

முதல் இரண்டு மூன்று வாரம் பழைய பழக்கத்தில், "போட்டாச்சோ தங்கச்சி?" என்றே கேட்டேன். "ஆமாண்ணா, போட்டாச்சு." சொன்ன வேகம் உன் வேகம். இன்னொரு பாலனை நான் இழக்க மாட்டேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். "எனக்கும் சில நாள் தவறுறது, தங்கச்சி. உங்களுக்குப் போன வாரம் எத்தினை நாள் தவறினது?"

"வெள்ளிக்கிழமை போடறதில்லண்ணா. விரதம். வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல. வீட்ல கூட யாருக்கும் தெரியாது."

ஏச்சு என் நாக்கு நுனிவரை வந்தது, மச்சான். விழுங்கிவிட்டேன். "அப்ப ஒருக்கா ஆஸ்பத்திரியிலயே கேட்டுப் பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

வளர்மதியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஃபார்மசியில் இருந்த பிள்ளை அவளுடைய மருந்து விபரத்தைப் பார்த்தாள். டாக்டருக்கு ஒரு போன் எடுத்தாள். இனி எல்லா நாளும் இரவுச் சாப்பாட்டோடு போடலாம், விரதம் முடித்துச் சாப்பிடும்போது வெள்ளிக்கிழமைக் குளிசையும் போய்விடும் என்றாள். அவ்வளவுதான்.

"விரதத்தை விடச் சொல்லிடுவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேண்ணா" என்றாள் வளர்மதி. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துவிட்டு, கார்ப் பார்க்குக்கு வந்து தனியாக இருந்து அழுதேன். ஐந்து நிமிட வேலையடா! உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் நான் ஏன் கேட்கவில்லை? ஏசுவதற்கு வாய் இருந்த எனக்கு, கேட்பதற்கு ஏன் வாய் இல்லாமல் போனது?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் தவறுகிறது என்று வளர்மதியிடம் சொன்னேனே, அவளைத் தேற்றச் சொன்னதாக அவள் நினைக்கிறாள். ஆனால் எனக்குத் தவறியது உண்மைதான். நீ இருந்த காலத்தில் மகளைப் பார்க்க சிட்னிக்குப் போனபோது, குளிசைப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனேன். நாலு நாள் குளிசை இல்லை. அந்த நாலு நாளும் ஏழு மணிக்கு உனக்குப் போன் எடுத்தேன். நீ வழமைபோல "நீ?" என்று கேட்டாய். நான் "போட்டாச்சு" என்றேன்.

உன்னைத் திட்டிய வாய்க்கு வெட்கம். வேறொன்றுமில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்து முடித்துவிட்டு, உன் வெள்ளிக்கிழமைகளை எல்லாம் எனக்குச் சொல்லியிருப்பாய்.

இனி ஒருவரையும் ஏச மாட்டேன், மச்சான். என்னுடையதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவரைக் கேட்பேன். இன்றைக்குப் போட்டுவிட்டேன். இது பொய்யில்லை.

பொய்யிலும் உனக்குக் கூட்டாளியாக இருந்த,
உன் மச்சான் ஜெயம்