ப்ரஞ்ச் படையல்

11.7 வெள்ளி
விடாத மழை. துணி காயலை. ஞாயிறு என் மகன் குமாருக்கு மூணாம் மாசப் படையல். கராடியில் ஆபீசுக்கு வண்டியில் போன பிள்ளை, வீடு திரும்பலை.
வாங்க: வாழை இலை, வெல்லம், சூடம், அவல்.
அவல் கேதகி சொன்னது. மருமகள். மராத்திக்காரி, என்னை ஆயி என்பாள், அவங்க பாஷையில் அம்மா. ஞாயிறு பதினோரு மணிக்கு எழுந்து குமார் கேட்பது அவள் போஹாவும் என் இட்லியும், ஒரே தட்டில். போஹான்னா அவல் உப்புமாதான். ப்ரஞ்ச் என்பான். "அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்டா" என்பேன்.

12.7 சனி
தூறல். போசரியிலிருந்து அண்ணன் வந்தாச்சு. உட்காரவில்லை, அதற்குள்:
"படையல்ல அவலா? சோறு, சாம்பார், வடை, பாயசம். அந்தப் பிள்ளை இலையைத் தொட வேண்டாம். நாளையோட அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிரு, செல்வி."
அடுக்களையில் கேதகி. தமிழ் பேசத்தான் திணறுவாள். புரியும்.
அண்ணன் கடைக்குப் போனதும் கேட்டேன், ப்ரஞ்ச்னா என்ன. போனைப் பார்த்துச் சொன்னாள். "ப்ரேக்ஃபாஸ்ட்ல முன்னாடி, லஞ்ச்ல பின்னாடி. கட் பண்ணி ஜோட் தியா, ஆயி." ஒட்டிட்டாங்களாம். ஞாயிறு லேட்டா எழுந்திரிக்கிறவங்களுக்காக இங்கிலாந்தில் ஒருத்தன் பத்திரிகையில் எழுதினானாம், நூறு வருஷத்துக்கு மேலே. அங்கேயும் ஒரு குமார்.
"வெட்டின மீதி எழுத்தெல்லாம்?"
"விட்டுட்டாங்க."


13.7 ஞாயிறு
மழை விட்டிருக்கு. பதினோரு மணிக்கு இலை போட்டேன். பாதி இட்லி, பாதி போஹா. கேதகியைத்தான் வைக்கச் சொன்னேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"என்னட்டி இது? காலைப் பலகாரமா, மத்தியானச் சோறா? ஒண்ணுலயும் சேரலையே."
"ரெண்டும்தான்ணே. ப்ரஞ்ச். அவன் சாப்பிட்டதைத்தான் அவனுக்கு வைப்பேன். வச்சவ இங்கேதான் இருப்பா."
"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"
"நாலு பேருக்கும் இட்லி இருக்கு."
இலையை பால்கனியில் வைத்தோம். காக்கா வரலை. புறாதான். புறா எடுத்தா கணக்கில்லைன்னு அண்ணன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். புறா அத்தனையும் தின்றது, கறிவேப்பிலையைத் தவிர. குமாரும் ஒதுக்கித்தான் வைப்பான்.
கேதகி பார்த்தாள். நான் பார்த்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.
ஒரு மணிக்கு அண்ணன் எழுந்து வந்தார். "அந்த அவல் கொஞ்சம் இருக்கா?"
ப்ரஞ்ச் முடிஞ்சுபோச்சு என்றேன்.