தொழுகை அட்டவணையில் ஆறு காலி நாட்கள்

அனுப்புநர்:
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன், தையல்காரர்.
(பிள்ளையின் நலன் கருதிப் பெயரும் முகவரியும் தனி உறையில்.)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: மாணவர்களின் தொழுகை அட்டவணையை வகுப்பில் வாசிப்பதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. எனக்கு ஒரே மகள். அவளுடைய இஸ்லாமிய நெறி ஆசிரியர் கெட்டவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொய் பேசக் கூடாது என்று அவள் மனதில் பதிய வைத்தவர் அவர்தான். வாடிக்கையாளரிடம் "நாளைக்கு ரெடி" என்று நான் வாய் கூசாமல் சொன்னால், "இன்னும் துணியே வெட்டலையே வாப்பா" என்று அவர் முன்னாலேயே போட்டு உடைப்பாள். அந்தப் பெருமை ஆசிரியருக்கே சேரும்.

2. இந்த ஆண்டு அவர் வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினார். தொழுத வேளைகளுக்கு மாணவர்கள் தாமே குறியிட வேண்டும். வாரக் கடைசியில் அவர் அதை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் வகுப்பு அது. மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகையிலிருந்து மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது. அந்த நாட்களை அட்டவணை போட்டவர் யோசிக்கவில்லை. மற்றப் பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் குறியிட்டுவிட்டார்கள். என் மகள் ஆறு நாட்களைக் காலியாக விட்டாள்.

3. "ஏன் தொழல? வாயத் தொறந்து சொல்லு" என்று நாற்பது பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டார். பதின்மூன்று வயதுப் பெண் என்ன சொல்வாள், ஐயா? தலை குனிந்து நின்றாள். அதைத் திமிர் என்று எழுதி என்னை வரவழைத்தார்.

4. இனி எழுதுவது என் குற்றம். காரணம் கேட்காமல் ஆசிரியர் அறையிலேயே அவளை அறைந்தேன். மூன்றாம் நாள், கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அம்மாள், மகள் தன்னிடம் சொன்ன விஷயத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது.

5. தலைமை ஆசிரியரிடம் முறையிட்டேன். "மத்தப் பொண்ணுங்க யாரும் பிரச்சினை பண்ணலையே" என்றார். பொய்க்குறி இட்டதால்தானே அவர்களுக்குப் பிரச்சினை இல்லை!

6. சென்ற வாரம் என் மகளுக்கு 'முன்மாதிரி மாணவி' என்ற சான்றிதழ் கிடைத்தது. மாதம் முழுவதும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அது மெய்யாக இருக்க முடியாது என்பது கொடுத்தவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "ஏம்மா இப்படி?" என்று கேட்டேன். "இப்ப யாரும் என்னைய எழுப்பி நிக்க வைக்கிறதில்ல வாப்பா" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

7. எனவே, அந்த அட்டவணையை அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன். ஆசிரியரை இடம் மாற்ற வேண்டாம். அவர் அதே வகுப்பில், அதே நாற்பது பேர் முன்னால், தவறு தன்னுடையது, அந்தப் பிள்ளை உண்மையாக நடந்தாள் என்று சொல்ல வேண்டும். நான் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அடித்தவன் சொல்வதை அவள் நம்பவில்லை.

சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
மாணவியின் தகப்பன்

இடம்: தையல் கடை
நாள்: அக்டோபர் 14