நல்ல குடி, மெதுவாகத் தூக்கினேன்

செப்டம்பர் 4
இந்தத் தூக்குப் பாலம் என்னை அசத்தியது பெரியது என்பதால் அல்ல. முந்நூறு டன் சாலை, படகுக்கு வழிவிட எழுந்து நிற்கிறது. தூக்கும் மோட்டார் என் இடுப்பு உயரம்கூட இல்லை. மறுமுனையில் அதைச் சமன் செய்ய ஏறக்குறைய அதே எடைக்கு இரும்பு. அதன்மேல் கை வைத்தேன்.
இந்த மோட்டாரின் பழைய கைப்பிடியை எடுத்துவிட்டுப் புதிய மின்னணுக் கட்டுப்பாடு பொருத்த வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 9
ஐந்து நாளும் வெயில். மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. அதற்குச் சற்று மேலே எல்லை வைத்தேன். தாண்டினால் தானே நின்றுவிடும்.
பாலத்தை இயக்கும் ஆபரேட்டர் சொன்னார்: “இருபது வருஷமா தூக்கறேன், என்னை யாரும் அளந்து பாக்கலையே மேடம்.”

செப்டம்பர் 10
அவருடைய பழைய பதிவேடு. “நல்ல குடி. மெதுவாகத் தூக்கினேன்.” இன்னொரு நாள்: “நேற்றைய குடி இன்னும் இறங்கவில்லை.”
வேலை நேரத்தில். தானே எழுதிக் கையெழுத்தும் போட்டு. என்ன மனுஷன் இவரு?

செப்டம்பர் 11
அவரிடமே கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது — நிர்வாகிக்குக் கடிதம் கொடுத்தேன். காரணம் சொல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்களன்று விசாரணை. வேலை போய்விடுமாம்.

செப்டம்பர் 12
மழை.

செப்டம்பர் 13
மழை விடவில்லை. சரக்குப் படகு காத்திருந்தது. புதிய கட்டுப்பாட்டில் தூக்கினேன். பாதி ஏறுமுன் நின்றது. எல்லை தாண்டிவிட்டதாம். இறக்கி மறுபடி தூக்கினேன். மறுபடி நின்றது.
மாற்று ஆபரேட்டர் எட்டிப் பார்த்தாள். “நல்ல குடி மேடம். வேகத்தைக் கொறைங்க.”
“யாரு குடிச்சது?”
“பலகைங்கதான். பின்ன, நானா?”
சாலைத்தளம் முழுக்க மரம். இரண்டு நாள் மழையைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்திருக்கிறது. கணக்குப் போட்டேன் — நாலு டன்; மறுமுனை இரும்போ கூடவில்லை. என் வரைபடத்தில் மட்டும் அது எப்போதும் காய்ந்தே கிடந்தது.
மோட்டார் தாங்கும் அளவுக்கு எல்லையை உயர்த்தி, வேகத்தைப் பாதியாக்கினேன். எழுந்தது. நீர் சொட்டச் சொட்ட ஒரு தெருவே செங்குத்தாக. படகு போன பிறகும் அண்ணாந்து நின்றேன்.
அந்த மனுஷனை நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

செப்டம்பர் 15
விசாரணைக்கு முன்பே போய், மழை பெய்த தேதிகளையும் பதிவேட்டையும் அருகருகே வைத்தேன். நிர்வாகி சிரித்துவிட்டு விசாரணையைக் கைவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வாசலில் ஆபரேட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு, “என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நம்பிடுவா.”
கடிதத்தின் அடியில் தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மதியம் நானும் அவரும் ஈரப் பலகை ஒன்றைக் கழற்றி எடை போட்டோம்.